மல்பெரி: தழை நமக்கு, பழம் சீனாக்காரனுக்கு

எங்க பக்கத்துல மல்பெரின்னா அது பழம் கிடையாது, தழை. செஞ்சியைச் சுத்தி இருக்கிற ஊர்கள்ல இந்தச் செடிக்குப் பேரே 'பட்டுப்பூச்சிச் செடி'தான். பழைய தமிழ்ப் பேர் முசுக்கட்டை, முசுக்கொட்டை, கம்பளிச்செடி. கம்பளிப்பூச்சியை முசுக்கட்டைப்பூச்சின்னு சொல்ற வழக்கம் இன்னமும் இருக்கு. பேர் வெச்சவங்க கண்ணுல பழம் படலை, புழுதான் பட்டிருக்கு.

ஆனா இப்போ சென்னையில இருந்து கேக்கிறவங்க எல்லாரும் பழத்தைத்தான் கேக்கிறாங்க. "அண்ணே, உங்க பக்கம் மல்பெரி இருக்குதாமே, சீன வைத்தியத்துல சுகருக்கு, முடி நரைக்கு, ரத்தத்துக்கு எல்லாம் நல்லதாமே?" காஞ்ச பழம் பாக்கெட்டுல வருது, தூள் டப்பாவுல வருது, விலையைக் கேட்டா தலை சுத்துது. நான் பத்தாவதோட நின்னவன். ஆனா அரை ஏக்கர் மல்பெரி வெச்சுப் பார்த்தவன். அந்தச் செடி எங்கிருந்து வந்தது, சீனாக்காரன் அந்தப் பழத்தை எதுக்குச் சாப்பிட்டான், அதுல எதை நம்பலாம்னு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். இங்கிலீஷ்ல 'இந்தியன் மல்பெரி'ன்னு ஒரு பேர் இருக்கு. அது மல்பெரியே இல்லை, நோனி. நம்ம கொல்லை வரப்புல தானா முளைக்கிற நுணா மரத்தோட ஒண்ணுவிட்ட தம்பி. ரெண்டோட காயும் மேல முண்டு முண்டா இருக்கிறதால வெள்ளைக்காரன் அப்படிப் பேர் வெச்சுட்டான். நுணாவுக்கு மஞ்சணத்தின்னும் பேரு. கட்டை மஞ்சளா இருக்கும், கனமும் கம்மி. அதனால அந்தக் காலத்துல ஏர் மாட்டுக்கு நுகத்தடி செய்வாங்க. நுணா இலைக் கஷாயம் கைக்குழந்தைங்க மாந்தத்துக்குக் கொடுக்கிறது நம்ம பாட்டிங்க வைத்தியம். இது வேற குடும்பம். மல்பெரி ஆல், அரசு, அத்தி, பலா இருக்கிற குடும்பம். தழையைக் கிள்ளினா பால் வடியறதைப் பார்த்தாலே சொந்தம் தெரிஞ்சுடும். டப்பாவுல 'இந்தியன் மல்பெரி'ன்னு போட்டிருந்தா அது இந்தப் பழம் இல்லைன்னு தெரிஞ்சுக்குங்க.

சரி, செடி எப்படி வந்தது? காட்டு மல்பெரி வகைங்க இமயமலைப் பக்கம் தொன்று தொட்டு இருக்கு. வங்காளத்துல பட்டுப்புழு வளர்ப்பும் பழசு. ஆனா தெற்கே வயல்ல வெச்சுப் பட்டுக்காக வளர்த்த கதை சுமார் 240 வருஷத்துக் கதைதான்.

அந்தக் கதை எங்க கோட்டைக்குப் பக்கத்துலயே ஓடுது. 1761-ல பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்து செஞ்சிக் கோட்டையை இங்கிலீஷ்காரன் பிடிச்சான். 1780-ல ஹைதர் அலி படை வந்து அவன்கிட்ட இருந்து பிடிச்சுது. அந்த ஹைதரோட மகன் திப்பு சுல்தான்தான் வங்காளத்துல இருந்து பட்டுப்புழு வரவழைச்சு மைசூர்ச் சீமையில மல்பெரி பயிர் பண்ண வெச்சவர். அப்பன் எங்க மலையில கொடி நட்டார், மகன் மைசூர்ல குச்சி நட்டார். கொடி இறங்கிடுச்சு, குச்சி மட்டும் இன்னிக்கும் துளிர்க்குது. கர்நாடகா இன்னிக்கு நாட்டுலேயே பட்டுக்கு முதல் இடம்னா அதுக்கு விதை அங்கதான் இருக்கு.

அதே காலத்துல இந்தப் பக்கம் கம்பெனிக்காரனும் சும்மா இல்லை. சென்னையில கம்பெனியோட தலைமை மருத்துவரா இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒருத்தர், 1790 வாக்குல மல்பெரிக் குச்சிகளை சென்னை மாகாணத்துப் பல ஊருக்கும் அனுப்பி நடச் சொன்னார். வங்காளத்துல இருந்து புழுவும் வரவழைச்சார். சைதாப்பேட்டைப் பக்கம் சப்பாத்திக்கள்ளி வளர்த்து, அதுல சாயப்பூச்சி வளர்க்கப் பார்த்தவரும் இதே ஆண்டர்சன்தான். ரெண்டும் நிலைக்கலை. இத்தனைக்கும் அவர் வைத்தியர். ஆனா அவர் மல்பெரியில பார்த்தது மருந்தை இல்லை, பட்டை. திப்புவும் பட்டைத்தான் பார்த்தார். நம்மகிட்ட வந்து சேரும்போதே இந்தச் செடி புழுவுக்குத் தீனியாத்தான் வந்தது. பழம் நம்ம பேச்சுல வராததுக்கு இதுதான் முதல் காரணம்.

ரெண்டாவது காரணம் வெட்டு. பட்டுக்கு மல்பெரி வெச்சவன் பழம் பழுக்க விடமாட்டான். 100 முட்டைத் தொகுதிப் புழு கூடு கட்டி முடிக்கிறதுக்குள்ள கிட்டத்தட்ட ஒரு டன் தழை தின்னும். அதுலயும் நாலு தோலுரிப்பு முடிஞ்சு அஞ்சாம் பருவத்துக்கு வந்ததும் தின்னும் பாருங்க, கொட்டாயில மழை பெய்யற மாதிரி சத்தம் கேக்கும். மொத்தத் தீனியில அஞ்சுல நாலு பங்கு அந்தக் கடைசி ஒரு வாரத்துக்குத்தான். அதனால கவாத்து பண்ணி 60, 70 நாள்ல தண்டோட அறுத்துடணும். புதுத் துளிர்ல காய் வரும், சிவக்கும், அதுக்குள்ள அரிவாள் வந்துடும். தப்பிச்சு ஓரத்துல நிக்கிற செடியில பழுக்கிறது மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கும். பிள்ளைங்க சட்டையில கருநீலக் கறை இருந்தா எந்தக் கொல்லைக்குப் போயிட்டு வந்தாங்கன்னு கேக்கவே வேண்டாம்.

மூணாவது, பழம் தாங்காது. காலையில பறிச்சது சாயங்காலம் கசியும். தக்காளியையே மதிக்காத சந்தை, இதை எங்க மதிக்கப் போகுது? எங்க செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு நெல்லும் மல்லாட்டையும் மூட்டை மூட்டையாப் போகுது, மல்பெரிப் பழம் ஒரு கூடை போய் நான் பார்த்ததில்லை.

இப்போ சீனாவுக்குப் போவோம். அங்கயும் மல்பெரி பட்டுக்காகத்தான் நட்டாங்க. ஆனா ஆயிரக்கணக்கான வருஷமா வீட்டைச் சுத்தி நின்ன மரம், அதனால பழத்தோடயும் பழகிட்டாங்க. அந்தப் பழக்கம் வைத்தியத்துல ஆரம்பிக்கலை. பசியில ஆரம்பிச்சுது.

சாய் ஷுன்னு ஒரு பையன் கதை அங்க சின்னப் பிள்ளைங்களுக்கும் தெரியும். அம்மா அப்பாவைப் பேணின 24 பேர் கதைன்னு ஒரு தொகுப்பு உண்டு, அதுல இவன் ஒருத்தன். காலம் கி.பி. முதல் நூற்றாண்டு தொடக்கம். நாட்டுல கலகம், பஞ்சம். சாய் ஷுன் காட்டுல மல்பெரி பொறுக்குறான். ரெண்டு கூடை வெச்சிருக்கான். கருத்த பழம் ஒரு கூடையில, சிவந்தது இன்னொண்ணுல. புருவத்துல சிவப்புப் பூசின கலகக் கும்பல் ஒண்ணு வழிமறிச்சு ஏன் பிரிச்சு வெச்சிருக்கேன்னு கேக்குது. "கருத்தது இனிக்கும், அது எங்க அம்மாவுக்கு. சிவந்தது புளிக்கும், அது எனக்கு"ங்கிறான். கொள்ளை அடிக்க வந்தவங்க மனசு இளகி அரிசியும் மாட்டுக் காலும் கொடுத்து அனுப்பினாங்கன்னு கதை முடியுது. நடந்ததோ இல்லையோ, எழுதினவனுக்கு மல்பெரி நல்லாத் தெரிஞ்சிருக்கு. சிவப்புப் பழம் பார்க்க அழகு, வாயில வெச்சா புளிப்பு. கருத்தாத்தான் பழம்.

இன்னொண்ணு கதை இல்லை, வரலாறு. கி.பி. 190-கள்ல ஹான் பேரரசு உடைஞ்சு ஆளாளுக்குப் படை வெச்சுக்கிட்டுச் சண்டை. யாங் பெய்னு ஒரு சின்ன அதிகாரி, ஷின்ஜெங்னு ஒரு ஊருக்குப் பொறுப்பு. ஜனங்க பட்டினி. அவர் என்ன பண்ணார்னா, ஊர் ஜனங்களைக் காஞ்ச மல்பெரிப் பழமும் காட்டு அவரையும் சேர்க்கச் சொல்லி, மிச்சம் இருக்கிறவன்கிட்ட வாங்கி இல்லாதவனுக்குக் கொடுத்து, மீதியைக் களஞ்சியத்துல குவிச்சு வெச்சார். 196-ல சாவ் சாவ்ங்கிற பெரிய தளபதி, பேரரசரைக் கூட்டிட்டு வரப் போற வழியில ஆயிரம் பேருக்கு மேல படையோட அங்க வந்தார். கையில தானியம் இல்லை. யாங் பெய் காஞ்ச மல்பெரியை எடுத்துக் கொடுத்தார். படை அதைத் தின்னு நடந்தது. அதை மறக்காத சாவ் சாவ் பின்னால அவருக்குப் பெரிய பதவி கொடுத்தார். அதே காலத்துல வடக்கே யுவான் ஷாவோங்கிற தளபதியோட வீரர்களும் மல்பெரி தின்னுதான் காலம் தள்ளினாங்கன்னு எழுதி வெச்சிருக்காங்க.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்க ராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியம்தான் கண்ணுல வந்தது. செஞ்சிக்கு வந்தவங்க பார்த்திருப்பீங்க, அந்தத் தடிமன் சுவரும் வளைவுக் கூரையும். 1690-ல இருந்து 1698 வரைக்கும் முகலாயப் படை எங்க கோட்டையை முற்றுகை போட்டுது. எட்டு வருஷம். உள்ள இருந்த ராஜாராம் பக்கம் தாக்குப் பிடிச்சதுக்கு மலை ஒரு காரணம்னா, தானியமும் தண்ணியும் இன்னொரு காரணம். வெளியில முற்றுகை போட்ட ஜுல்பிகார் கான் படைதான் நடுவுல சோத்துக்குத் திண்டாடிப் போச்சு. பீரங்கியைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. ஆனா கோட்டையைக் காப்பாத்துறது களஞ்சியம். 2025 ஜூலையில யுனெஸ்கோ எங்க கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த பிறகு கூட்டம் அதிகமா வருது. வர்றவங்க களஞ்சியத்துக்குள்ளயும் ஒரு அஞ்சு நிமிஷம் நின்னுட்டுப் போங்க.

பசிக்குத் தின்ன பழத்தைத்தான் சீன வைத்தியர்கள் பின்னால மருந்துக் கணக்குல எழுதினாங்க. ஆரம்பத்துல எழுதினது பழத்தை இல்லை, வேர்ப்பட்டையை. 'ஷென்னோங் மூலிகை நூல்'னு அவங்களோட ஆதி நூல்லயே மல்பெரி வேர்ப்பட்டை இருக்கு. பழம் தனிச் சரக்கா வர்றது கி.பி. 659-ல, தாங் அரசு வெளியிட்ட மருந்து நூல்ல. ருசி இனிப்பு, குணம் குளிர்ச்சி, தனியாச் சாப்பிட்டா தாகநோய்க்கு ஆகும்னு அதுல குறிப்பு. 1596-ல அச்சான லீ ஷிஜென்னோட பெரிய மூலிகை நூல்ல மல்பெரிக்கு நீளமான பகுதியே உண்டு.

இதுல கவனிக்க வேண்டியது, அவங்க 'மல்பெரி'ன்னு பொத்தாம் பொதுவாச் சொல்றதே இல்லை. மரத்தை நாலாப் பிரிக்கிறாங்க. தழைக்கு சாங் யே. சளி, காய்ச்சல், கண் எரிச்சலுக்கு. குச்சிக்கு சாங் ஜி. மூட்டு வலி, தோள் வலிக்கு. வேர்ப்பட்டைக்கு சாங் பை பி. இருமல், இரைப்பு, வீக்கத்துக்கு. பழத்துக்கு சாங் ஷென். அது ரத்தம் ஊற, உடம்பு வறட்சி போக, மலம் இளக. தலைசுத்தல், காது இரைச்சல், தூக்கமின்மை, இளநரைக்கும் அதைத்தான் சொல்றாங்க. ஒரு மரம், நாலு மருந்து. ஒண்ணு செய்யற வேலையை இன்னொண்ணு செய்யாது.

அளவும் உண்டு. சீன அரசு மருந்து நூல்ல காஞ்ச பழம் ஒரு நாளைக்கு 9 முதல் 15 கிராம். ஒரு கைப்பிடி கூட வராது. யாருக்குக் கூடாதுன்னும் எழுதியிருக்காங்க. ஜீரணம் மந்தமா இருந்து வயிறு அடிக்கடி போறவங்களுக்கு ஆகாது, ஏன்னா பழம் குளிர்ச்சி, மலத்தை இளக்கும். பழச்சாறைத் தேன் சேர்த்துக் காய்ச்சிப் பாகாக்கி வெச்சுக்கிறதும், ஊற வெச்சு மது பண்றதும் அவங்க வழக்கம். பாகு பதம் நம்ம லேகியம் மாதிரிதான்.

பட்டு வளர்த்தவனா எனக்கு வியப்பா இருந்தது வேற ஒண்ணு. புழு வெள்ளையா, சுண்ணாம்புக் கட்டி மாதிரி விறைச்சுச் செத்துப் போற ஒரு பூஞ்சை நோய் உண்டு. எங்க கொட்டாயில அது வந்தா வீடே துக்க வீடு. பொறுக்கி எடுத்துக் குழி தோண்டிப் புதைச்சு, கொட்டாய் முழுக்க மருந்து தெளிப்போம். அந்தச் செத்த புழுவையே சீனாக்காரன் காய வெச்சு ஜியாங் சான்னு பேர் வெச்சு வலிப்புக்கும் தொண்டைக்கும் மருந்தா விக்கிறான். புழு எச்சமும் அங்க மருந்துச் சரக்கு. நமக்கு அது குப்பைக்குழி எரு.

நம்ம வைத்தியத்துக்கும் சீனாவுக்கும் தொடர்பே இல்லையான்னா, இருக்கு. சித்த வைத்தியத்துல தோல் நோய்க்குப் பேர் போன பறங்கிப்பட்டை சீனாவுல இருந்து கப்பல் ஏறி வந்த கிழங்கு. பறங்கிக்காரன் கொண்டு வந்ததால அந்தப் பேர். படிகாரத்தைச் சீனாக்காரம்னு சொல்றோம். சீனப் பட்டு, சீனச் சட்டி எல்லாம் வந்தது. மல்பெரிப் பழம் மட்டும் மருந்தா வந்து சேரலை. அதனால 'நம்ம முன்னோர் மல்பெரி சாப்பிட்டுத்தான் நூறு வயசு இருந்தாங்க'ன்னு யாராவது வீடியோ போட்டா நம்பாதீங்க. நம்ம முன்னோர் இலந்தையும் களாவும் நாவலும் தின்னாங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். 100 கிராம் பச்சை மல்பெரிப் பழத்துல கிட்டத்தட்ட 88 கிராம் தண்ணி. மீதியில சர்க்கரை 8 கிராம் சொச்சம், வைட்டமின் சி 36 மில்லிகிராம், இரும்பு 1.8 மில்லிகிராம், கொஞ்சம் நார். பழத்துக்கு இது நல்ல கணக்கு. வைட்டமின் சி இரும்பை உடம்புல ஏத்த உதவும். ரத்தம் ஊறும்னு சீனாக்காரன் சொன்னதுல கொஞ்சம் விஷயம் இல்லாமல் இல்லை. கறுப்பு நிறத்துல இருக்கிற சாயச் சத்து நாவல்லயும் இருக்கிற அதே இனம்.

சுகர் விஷயம்தான் முக்கியம். மல்பெரியில சுகருக்கான சரக்கு உண்மையிலேயே இருக்கு. 1976-ல ஜப்பான்காரங்க வேர்ப்பட்டையில இருந்து டி.என்.ஜே.ன்னு ஒரு பொருளைப் பிரிச்சாங்க. மாவுச்சத்தைக் குடல்ல சர்க்கரையா உடைக்கிற வேலையை அது மந்தப்படுத்தும். தழைச் சாறு கொடுத்துப் பார்த்த சோதனைகள்ல சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுற சர்க்கரை குறையறதைப் பார்த்திருக்காங்க. ஆனா அந்தப் பேர் வாங்கினது தழையும் வேர்ப்பட்டையும். கருத்துப் பழுத்த பழம் இனிப்புப் பழம். காய வெச்சா தண்ணி போய், அதே இனிப்பு சின்ன எடையில சேர்ந்து நிக்கும். தழை வாங்கின பேரைப் பழத்து மேல ஒட்டி விக்கிறாங்க. 659-ல தாகநோய்னு எழுதினவங்க தாகத்தைப் பார்த்து எழுதினாங்க, ரத்தத்துல சர்க்கரை அளந்து எழுதலை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, என் மச்சான் ஒருத்தர் கட்டட மேஸ்திரி. பத்து வருஷமா சுகர். எந்தக் கடைன்னு சொல்ல விரும்பலை, ஒரு டப்பா மல்பெரித் தூள் வாங்கினார். 'மூணு மாசத்துல மாத்திரையை விட்டுடலாம்'னு விக்கிறவர் சொன்னாராம். மாத்திரையை இவர் மறுநாளே விட்டுட்டார். வேலை செய்யற இடத்துல கால் கட்டை விரல்ல சின்னதா ஒரு கம்பிக் காயம். ஆறலை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது விரல் கருத்துப் போச்சு, எடுத்துட்டாங்க. மரத்து மேல எனக்குக் கோபம் இல்லை. மாத்திரையை விடலாம்னு அந்த மரம் சொல்லலை, சீன நூலும் சொல்லலை. தழை டீ குடிக்கிறதா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் குடிங்க. மாத்திரையோட சேர்ந்து சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் ஆபத்துதான்.

அப்போ பழத்தை என்ன பண்றது? பழமாச் சாப்பிடுங்க. இத்தனை வருஷக் கதையில எனக்குத் தெரிஞ்ச நியாயம் அதுதான். பஞ்சத்துல படையையே நடக்க வெச்ச பழத்தை டப்பா மருந்தாக்கிச் சின்னதாக்க வேண்டியதில்லை.

டப்பாவுக்குக் கொடுக்கிற காசுக்குப் பத்து செடி வளர்க்கலாம். பென்சில் தடிமன்ல, முதிர்ந்த குச்சியா, நாலு கணு இருக்கிற மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்க. ரெண்டு கணு மண்ணுக்குள்ள, ரெண்டு வெளியில. மழைக்காலத்துல நட்டா சொல்லி வெச்ச மாதிரி பிடிக்கும். மொட்டை மாடியில பெரிய தொட்டியா இருந்தாப் போதும், வெயில் நல்லா படணும். வேர் ஊன்றின பிறகு கவாத்து பண்ணி விட்டீங்கன்னா புதுத் துளிரோடயே காய் வரும். ஒண்ணு கவனம்: பட்டுக்கு வளர்க்கிற வி-1 மாதிரி ரகங்கள் தழைக்காகத் தேர்ந்தெடுத்தது. பழம் வேணும்னா நல்லா காய்க்கிற செடியைக் கண்ணால பார்த்து அதுல குச்சி எடுங்க.

எங்க கொல்லை ஓரத்துல அப்படி ரெண்டு செடி நிக்குது. ஐப்பசி மழைக்கு முன்னால கவாத்து பண்ணுவேன். அந்தச் சமயத்துல கோட்டை பார்க்க வர்றவங்க குச்சி கேட்டு வாங்கிட்டுப் போங்க. காசு வேண்டாம். ஈரச் சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போனா ரெண்டு நாள் தாங்கும்.